குழந்தையின் முறைக்குக் காத்திருத்தல்: ஐந்து வயதுக்குள் பேச்சும் உணர்வும் பழகும் தன்மையும் வளர ஒரு வழிகாட்டி

குழந்தை வளர்ப்பில் புதிதாக இறங்கியவர்களும், குழந்தைகள் காப்பகத்திலோ மழலையர் பள்ளியிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் முதலில் கேட்பது, "குழந்தைக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?" என்பதைத்தான். நிறங்களின் பெயர், எண்கள், அகரவரிசை என்று ஒரு பட்டியலை எதிர்பார்த்து வருகிறார்கள். ஆனால் ஐந்து வயதுக்குள் கற்க வேண்டியவற்றில் கடினமானவை வேறு. தனக்கு வேண்டியதை இன்னொருவருக்குப் புரியவைப்பது, கோபமோ பயமோ வந்தால் அதிலிருந்து மீண்டு வருவது, பக்கத்தில் இன்னொரு குழந்தை இருக்கும்போது அதோடு ஒத்துப்போவது ஆகியவைதான் அவை. இவை தனித்தனிப் பாடங்களும் அல்ல. சொல்ல வார்த்தை வராத குழந்தை கடித்துவிடுகிறது. பயந்துபோயிருக்கும் குழந்தைக்குத் தெரிந்த வார்த்தையும் வாயில் வருவதில்லை. நான் ஒன்று செய்தால் எதிரில் இருப்பவர் பதில் செய்வார், பிறகு மீண்டும் என் முறை வரும் என்ற நம்பிக்கைதான் இவை அனைத்துக்கும் அடிப்படை. அந்த முறையைக் குழந்தைக்கு விட்டுக்கொடுக்கப் பெரியவர்கள் எப்படிப் பழகுவது என்பதையே கீழுள்ள படிகள் விளக்குகின்றன.

முதல் படி: பேசுவதற்கு முன் பார்த்துப் பழகுங்கள்

பிறந்த குழந்தைக்குச் சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் ஏந்தியிருப்பவரின் முகம் ஏறத்தாழ அந்தத் தொலைவில்தான் இருக்கிறது. கேட்கும் திறனோ கருவிலேயே தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், வேறொரு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்பதற்காகத் தாம் உறிஞ்சும் விதத்தையே மாற்றிக்கொண்டதை ஆன்டனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் 1980இல் வெளியிட்டார்கள். ஆகவே, "இதற்கு என்ன தெரியப்போகிறது" என்று பேசாமலேயே குளிப்பாட்டி, பேசாமலேயே உடை மாற்றும் வழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடலாம்.

ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு வந்துவிடும். அதன் பிறகு குழந்தை தன் முறையை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைக் கவனிப்பதே உங்கள் முதல் வேலை. கண்ணை அகல விரிப்பது, காலை உதைப்பது, சின்னதாக ஒரு சத்தம் போடுவது எல்லாமே அழைப்புகள். முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ஒரு செய்திதான். "போதும், கொஞ்சம் பொறு" என்று அதற்குப் பொருள். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்பட்டு, திரும்பிய பக்கமெல்லாம் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு பின்தொடர்கிறார்கள். நீங்கள் ஆட்டாமல் இருந்தால் சில நொடிகளில் குழந்தையே மீண்டும் உங்கள் பக்கம் திரும்பும்.

பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் சோதித்துப் பார்த்தார். தாய் சிறிது நேரம் குழந்தையோடு வழக்கம்போலக் கொஞ்சி விளையாடுவார். பிறகு முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் கொடுக்கும். எதற்கும் பலன் இல்லாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருங்கிவிடும். கைபேசியில் மூழ்கியிருப்பவரின் முகமும் குழந்தைக்கு ஏறத்தாழ அப்படித்தான் தெரியும் என்பது என் கருத்து. இதைப் படித்துப் பதறவும் வேண்டாம். தாயும் குழந்தையும் ஒருவரையொருவர் தவறவிடுவது இயல்பாகவே அடிக்கடி நடக்கிறது என்பதையும், தவறவிட்ட பிறகு மீண்டும் சேர்ந்துகொள்வதில்தான் குழந்தை தேறுகிறது என்பதையும் காட்டியவரும் அதே ட்ரோனிக்தான்.

இரண்டாம் படி: பதிலுக்குக் காத்திருங்கள்

பதினான்கு மாதக் குழந்தை ஒன்று தரையில் உட்கார்ந்து ஒரு டப்பாவின் மூடியைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அருகில் இருக்கும் பெரியவர், "பந்து பாரு, பந்து! இங்க பாரு, பொம்மை!" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். குழந்தை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் மூடிக்கே போய்விடுகிறது. "இதுக்குக் கவனமே இல்லை" என்கிறார் பெரியவர். உண்மையில் குழந்தைக்குக் கவனம் இருந்தது. அது மூடியின் மேல் இருந்தது. இப்போது அவர் தரையில் எதிரே உட்கார்ந்து, இன்னொரு மூடியை எடுத்து இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தட்டும். குழந்தை கையை நிறுத்தி அவர் மூடியைப் பார்க்கும், பிறகு அவர் முகத்தைப் பார்க்கும், பிறகு தானும் இரண்டு தட்டு தட்டும். அப்போது "டக் டக்!" என்று சொன்னால், அந்தச் சொல் போய்ச் சேருவதற்கு இடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. இருவரும் ஒரே பொருளைப் பார்க்கிறோம் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும் இந்தக் கூட்டுக் கவனம் ஒன்பதாம் மாதம் முதல் ஒரு வயதுக்குள் தெளிவாக உருவாகத் தொடங்குகிறது. விரலை நீட்டிச் சுட்டிக்காட்டுவது ஏறத்தாழ ஒரு வயதில் வரும். முதல் சொற்கள் இதன் மேல்தான் கட்டப்படுகின்றன.

செய்முறை எளிது, பழகுவதுதான் கடினம். குழந்தையின் கண்மட்டத்துக்கு வந்து உட்காருங்கள். அது பார்ப்பதைப் பாருங்கள். ஒன்று சொல்லிவிட்டோ செய்துவிட்டோ மனத்துக்குள் ஐந்து முதல் பத்து வரை எண்ணிக்கொண்டு, முகத்தில் எதிர்பார்ப்போடு காத்திருங்கள். பெரியவர்களின் பேச்சில் அவ்வளவு நேர மௌனம் சங்கடமானது; அதனால் இரண்டாம் நொடியிலேயே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம். குழந்தைக்கோ கேட்டதைப் புரிந்துகொண்டு, பதிலை யோசித்து, வாயையோ கையையோ அசைப்பதற்கு அந்த நேரம் முழுவதும் தேவைப்படும். பதில் சொல்லாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. பார்வை, கையசைப்பு, முனகல் எல்லாவற்றையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

திரையால் இந்த வேலையைச் செய்ய முடிவதில்லை. பட்ரீஷியா குல் என்ற மொழி ஆய்வாளரின் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 அமர்வுகளில் நேரில் விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சைக் காணொளியாகவோ ஒலிப்பதிவாகவோ மட்டும் பெற்ற குழந்தைகள் கற்றுக்கொள்ளவில்லை. இரண்டு வயது நிறையும் வரை திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்றும் உலக சுகாதார அமைப்பு 2019இல் வகுத்த நெறிமுறை கூறுகிறது. தொலைவில் இருக்கும் தாத்தா பாட்டியோடு காணொளி அழைப்பில் பேசுவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அங்கே எதிரில் இருப்பவர் பதில் சொல்கிறார்.

மூன்றாம் படி: குழந்தை சொன்னதன் மேல் ஒரு சொல் கூட்டுங்கள்

குழந்தை "பந்து" என்றால் நீங்கள் "பெரிய பந்து" என்றோ "பந்து உருளுது" என்றோ சொல்லலாம். "நாய் ஓடு" என்றால், "ஆமாம், நாய் ஓடுது" என்று சரியான வடிவத்தில் திருப்பிச் சொன்னால் போதும். "அப்படிச் சொல்லக்கூடாது, சரியாகச் சொல்லு" என்று மறுபடி சொல்லவைக்க வேண்டியதில்லை. ர, ழ போன்ற ஒலிகள் தாமதமாகத்தான் படியும் என்பதால், குழந்தை "லாஜா" என்றால் "ராஜாவா? ராஜா எங்கே?" என்று இயல்பாகத் தொடருங்கள். மழலை கேட்க இனிமையாக இருக்கிறது என்பதற்காக நீங்களும் "லாஜா" என்று பேசுவது உதவாது. அதே நேரம், குரலை ஏற்றி இறக்கி, மெதுவாக, சொற்களை இழுத்துக் கொஞ்சிப் பேசுவது வேறு விஷயம். அந்த ராகத்தைச் சிசுக்கள் பெரியவர்களிடையே நடக்கும் பேச்சைவிட விரும்பிக் கேட்கின்றன என்று ஆன் ஃபெர்னால்ட் 1985இல் காட்டினார். கொஞ்சுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

கேள்விகளைக் குறையுங்கள். "இது என்ன? இது என்ன நிறம்? மாடு எப்படிக் கத்தும்?" என்று அடுக்குவது உரையாடலைப் போலத் தோன்றினாலும் அது தேர்வுதான். விடை தெரிந்துகொண்டே கேட்கிறார்கள் என்பது குழந்தைக்கு விரைவிலேயே தெரிந்துவிடும். ஒரு கேள்வி கேட்டால், அடுத்து நீங்கள் பார்த்ததைப் பற்றி இரண்டு மூன்று முறை வெறுமனே சொல்லுங்கள்: "அட, சக்கரம் கழன்றுவிட்டது." இதற்குக் குழந்தை பதில் சொல்லியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை, அதனாலேயே பல குழந்தைகள் பதில் சொல்கின்றன.

படக்கதைப் புத்தகத்துக்கும் இதே விதிதான். பெரியவர் படித்து முடிக்கக் குழந்தை கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, குழந்தையைச் சொல்லவிட்டு, அது சொன்னதை ஒரு படி விரித்துத் திருப்பிக் கொடுக்கும் முறையை க்ரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 1988இல் சோதித்தார்கள். ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தைகளிடம் பெற்றோர் ஒரே ஒரு மாதம் இப்படிப் படித்ததிலேயே பேச்சுத் திறனில் வேறுபாடு தெரிந்தது. ஒரே புத்தகத்தை இருபதாவது முறையாகக் கேட்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள்; அடுத்து என்ன வரும் என்று தெரிந்த கதையில்தான் குழந்தையால் உங்களுக்கு முன்னால் சொல்ல முடியும்.

வீட்டில் இரண்டு மொழிகள் இருந்தால் ஒன்றைக் கைவிட வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். இருமொழி பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை. குழந்தைக்கு எத்தனை சொல் தெரியும் என்று எண்ணும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். உங்களுக்குத் தடையின்றி வரும் மொழியில் பேசுங்கள்.

நான்காம் படி: உணர்ச்சிக்குப் பெயர் கொடுங்கள், ஆனால் நேரம் பார்த்து

"அழுதவுடன் தூக்கினால் பழகிவிடும்" என்ற அறிவுரை எல்லா வீட்டிலும் கிடைக்கும். சில்வியா பெல்லும் மேரி எய்ன்ஸ்வொர்த்தும் 1972இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மாதங்களில் அழுகைக்கு விரைந்து பதில் கிடைத்த குழந்தைகள் ஒரு வயதை நெருங்கும்போது குறைவாகவே அழுததைக் கண்டார்கள். பெரியவரின் உதவியோடு பலமுறை அமைதியடைந்த பிறகுதான் தானாக அமைதியடையும் திறன் வருகிறது. உணர்ச்சியை அடக்கி ஆள உதவும் மூளையின் முன்பகுதி முதிர்ச்சியடைய இருபது வயதுக்கு மேலும் ஆகிறது என்பதை நினைவில் வைத்தால், இரண்டு வயதுக் குழந்தையிடம் "நல்ல பிள்ளையாக இரு" என்று கட்டளையிடுவதில் எவ்வளவு பயன் இருக்கும் என்பது விளங்கும்.

இரண்டரை வயதுக் குழந்தை நீலக் குவளை கேட்கிறது. அது கழுவப்படாமல் கிடப்பதால் பச்சைக் குவளையில் தண்ணீர் கொடுக்கிறீர்கள். குவளை பறக்கிறது, குழந்தை தரையில் உருள்கிறது. இந்த நொடியில் விளக்கம், பேரம், மிரட்டல் எதுவும் வேலை செய்யாது, ஏனென்றால் மூன்றுக்கும் மொழி வேண்டும், அதுதான் இப்போது குழந்தையிடம் இல்லை. அடிபடக்கூடிய பொருள்களை நகர்த்திவிட்டு, அருகிலேயே தாழ உட்காருங்கள். குரலைத் தணித்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "நீலக் குவளை வேணும்னு இருந்தது, கோபம் வந்துடுச்சு." பிறகு பேசாமல் இருங்கள். சில குழந்தைகள் தூக்கினால் அடங்கும், சில குழந்தைகள் தொட்டாலே இன்னும் உரக்க அழும். எந்த வகை என்பது முதல் படியில் நீங்கள் பார்த்துப் பழகியதிலிருந்து தெரியும். அழுகை விசும்பலாகத் தேய்ந்து குழந்தை உங்கள் முகத்தைத் தேடும்போதுதான் பேச நேரம் வருகிறது. அப்போது "குவளையை எறிந்தால் யார் மேலாவது படும், வேணும்னா 'நீலம்'னு கேளு" என்று சுருக்கமாகச் சொல்லலாம். நீலக் குவளையைக் கழுவித் தருவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒருமுறை மறுத்ததை அழுகைக்காகக் கொடுத்தால், அடுத்த முறை எவ்வளவு அழ வேண்டும் என்பதை நீங்களே கற்றுக்கொடுத்தவர் ஆவீர்கள். அதனால் மறுப்பதற்கு முன்பே யோசித்து மறுப்பது நல்லது.

அமைதியான நேரங்களில் உணர்ச்சிச் சொற்களைப் புழங்குங்கள்: சந்தோஷம், பயம், ஏமாற்றம், வெட்கம், பொறாமை. "எனக்கு இப்போ களைப்பா இருக்கு, அதான் குரல் உசந்துடுச்சு" என்று உங்கள் உணர்ச்சியையும் பெயரிட்டுச் சொல்லலாம். "பயப்படாதே, ஒன்றுமில்லை" என்பதைவிட, "சத்தம் பெரிசா வந்தது, பயமா இருக்கா? நான் இங்கதான் இருக்கேன்" என்பது குழந்தைக்கு உதவும்.

காப்பகத்தில் விட்டுச்செல்லும் பிரிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எட்டாம் மாதத்தையொட்டி அந்நியரைக் கண்டால் மிரள்வதும், அதன் பிறகு சில மாதங்கள் பிரிவுக்கு அழுவதும் வளர்ச்சியின் அறிகுறிகளே. குழந்தை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவிச் செல்வது பெற்றோருக்கு வசதி; ஆனால் கண்ணை எடுத்தால் ஆள் காணாமல் போய்விடுவார் என்று கற்றுக்கொண்ட குழந்தை, அடுத்த நாள் கண்ணையே எடுக்காது. சொல்லிவிட்டு, சுருக்கமாக விடைபெற்று, சொன்னபடி திரும்பி வாருங்கள். காப்பகத்தில் இருப்பவர்கள் முதல் நாள்களில் ஒரே ஊழியர் அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்வதும், வீட்டிலிருந்து வரும் ஒரு துணியையோ பொம்மையையோ கையில் வைத்திருக்க அனுமதிப்பதும் பெரிய உதவி.

ஐந்தாம் படி: மற்ற குழந்தைகளோடு விளையாட விடுங்கள், நீதிபதியாகாதீர்கள்

மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகளின் விளையாட்டு தனியாக விளையாடுவதிலிருந்து, பிறர் ஆடுவதை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டை ஆடுவது, பொருள்களைப் பகிர்ந்து ஆடுவது, சேர்ந்து திட்டமிட்டு ஆடுவது எனப் பல வகைப்படுவதை விவரித்தார். இரண்டு வயதுக் குழந்தைகள் இருவர் முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் தோண்டிக்கொண்டிருந்தால் அவர்களுக்குள் பிணக்கு என்று பொருளல்ல; அந்த வயதில் அதுவே சேர்ந்து விளையாடுவது.

பகிர்ந்துகொள்ளச் சொல்லி ஒருவர் கையிலிருப்பதைப் பிடுங்கி மற்றவருக்குக் கொடுப்பதில், பலமானவர் பிடுங்கலாம் என்பதைத் தவிர வேறு பாடம் இல்லை. "அவன் இப்போ ஓட்டுறான், முடிஞ்சதும் உன் முறை" என்று சொல்லி, காத்திருக்கும் குழந்தையோடு நீங்கள் இருங்கள்; காத்திருப்பதுதான் இங்கே கடினமான பகுதி, அதைத் தனியே செய்யச் சொல்லாதீர்கள். பந்தை மாற்றி மாற்றி உருட்டும் விளையாட்டு முறை மாறுவதைப் பழக்க மிகச் சிறந்தது. யாராவது கடித்தால் முதலில் கடிபட்ட குழந்தையைக் கவனியுங்கள், பிறகு கடித்த குழந்தையிடம் "கடித்தால் வலிக்கும். 'நகரு'ன்னு சொல்லு" என்று சொல்ல வேண்டிய சொல்லைக் கொடுங்கள். "மன்னிப்புக் கேள்" என்று வற்புறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொருவரின் மனத்தில் தன்னுடையதிலிருந்து வேறான ஓர் எண்ணம் இருக்கக்கூடும் என்பதைச் சோதனைகளில் பெரும்பாலான குழந்தைகள் நான்கு வயதையொட்டித்தான் பிடித்துக்கொள்கின்றன. ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் 1983இல் தொடங்கிவைத்த ஆய்வுகள் இதைக் காட்டின. அதற்கு முன் "மன்னிச்சுக்கோ" என்பது தப்பிக்க உதவும் கடவுச்சொல் மட்டுமே. ஈரத்துணி எடுத்துவரச் செய்வது போன்ற சிறு செயலில் ஈடுபடுத்துவது மேல்.

ஆறாம் படி: எப்போது நிபுணரிடம் காட்டுவது

வளர்ச்சியின் வேகம் குழந்தைக்குக் குழந்தை மாறுபடும். ஆயினும் சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கக் கூடாது: ஒரு வயதாகியும் "பாபா, தாதா" போன்ற மழலை ஒலிகள் வராதது, ஒரு வயதாகியும் கையசைப்பதோ சுட்டிக்காட்டுவதோ இல்லாதது, 16 மாதத்திலும் ஒரு சொல்கூட இல்லாதது, இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, பெயர் சொல்லி அழைத்தால் பலமுறை திரும்பாதது. இவற்றைவிட முக்கியமானது, எந்த வயதிலும் இருந்த பேச்சையோ சிரித்துப் பழகும் தன்மையையோ குழந்தை இழப்பது. அதற்கு உடனே காட்ட வேண்டும். வெளியாள் ஒருவருக்கு இரண்டு வயதில் குழந்தையின் பேச்சில் பாதியும், மூன்று வயதில் முக்கால் பங்கும், நான்கு வயதில் ஏறத்தாழ முழுவதும் புரிய வேண்டும் என்பது பேச்சுத்துறையில் நெடுங்காலம் வழங்கிவரும் தோராயக் கணக்கு. இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் சொற்கள் திக்குவது பலருக்கு வந்து போகும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது முகம் இறுகினாலோ, குடும்பத்தில் திக்குவாய் இருந்தாலோ காட்டிவிடுங்கள்.

"ஆண் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும்" என்ற ஆறுதலை நம்பி ஒரு வருடத்தை இழப்பவர்கள் பலர். சராசரியில் சிறிய வித்தியாசம் உண்டு. மேலே சொன்ன அறிகுறிகளைப் புறக்கணிக்கும் அளவுக்கு அது பெரிதல்ல. பேச்சு பற்றிய ஐயம் எதுவானாலும் செவித்திறன் பரிசோதனையை முதலில் செய்துவிடுங்கள். பிறந்தபோது செய்த பரிசோதனை சரியாக இருந்தது என்பதால் இப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது சிறு வயதில் அடிக்கடி நடக்கும், வலி இல்லாமலும் இருக்கும்.

குழந்தைநல மருத்துவரிடமோ பேச்சுப் பயிற்சி நிபுணரிடமோ போகும்போது, "சரியாகப் பேசுவதில்லை" என்று மட்டும் சொல்லாமல், ஒரு வாரம் கவனித்து எழுதிய குறிப்பைக் கொண்டுபோங்கள்: எந்தெந்தச் சொற்களை எந்த மொழியில் சொல்கிறது, வேண்டியதை எப்படிக் கேட்கிறது, எதற்கு அடம்பிடிக்கிறது, எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, எந்த விளையாட்டில் உங்கள் முகத்தைப் பார்க்கிறது. புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறப்பதில்லை என்பதால், வீட்டில் வழக்கம்போல விளையாடும்போது இரண்டு மூன்று நிமிடக் காணொளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் குழந்தை மட்டுமின்றி, அதோடு விளையாடும் நீங்களும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் நிபுணர் பார்க்க விரும்புவது இருவருக்கும் இடையில் முறை எப்படி மாறுகிறது என்பதையே.